மூலை தொட்டு நிற்பவை

அங்கயற்கண்ணியின் ஆள்காட்டி விரல் லேப்டாப்பின் அம்புக்குறிப் பொத்தான்மேல் இருந்தது. நூர்நிஷா ‘அடுத்தது’ என்று சொன்னால் ஒருமுறை அழுத்த வேண்டும். இன்றைக்கு அவளுக்கு அவ்வளவுதான் வேலை. யாரை உட்கார வைத்தாலும் செய்துவிடக்கூடிய வேலை. ஆனாலும் விரல் வேர்த்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள், மறுபடி வேர்த்தது, இத்தனைக்கும் அந்தக் கூடத்தில் ஏசியை யாரோ வஞ்சம் தீர்ப்பதுபோல் வைத்திருந்தார்கள், எதிர் வரிசையில் குழு உறுப்பினர் ஒருவர் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டுவிட்டார். கூமாட்டி மலைச் சாலையை இரண்டு மடங்கு அகலமாக்கலாமா கூடாதா என்று அந்தக் குழு இன்று முடிவு செய்யப்போகிறது. கூடாது என்று சொல்லத்தான் நூர்நிஷா மேடையேறியிருக்கிறாள். அதைச் சொல்ல அவள் கையில் இருப்பது ஒரு படம், வானத்திலிருந்து எடுத்த மலையின் படம், அதைக் காடு வேறு தேயிலை வேறு என்று பிரித்து நிறம் தீட்டியவள் அங்கயற்கண்ணி, அதில் ஒரு தப்பு இருக்கிறது என்பது கோயம்புத்தூர் முழுவதிலும் இந்த நிமிஷம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். காலையில் ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் இட்லியாவது இறங்கியிருக்கும். அந்தத் தப்பை இங்கே, இத்தனை பேர் முன்னால், காட்டினால் நூர்நிஷாவின் பெயர் போகும். காட்டாவிட்டால் ஒரு காடு போகும். காடு என்றால் பெரிய காடு இல்லை. ஒரு மரம் அகலக் காடு. அதை நினைத்ததும் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள், அது நூர்நிஷாவின் பையில் இருந்தது.

என்ன மாதிரிப் பேசுகிறாள் பாவி. கையில் காகிதம் இல்லை, குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. ஊரில் தன் அண்ணன்மாரோடு சொத்து விஷயம் பேசும்போதும் இவள் இப்படித்தான் பேசியிருப்பாள் என்று தோன்றியது, ஒவ்வொன்றாக, மறுக்க இடம் விடாமல், ஆனால் எதிராளியின் முகம் கறுக்காமல். செயற்கைக்கோள் எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது, ஐந்து நாளுக்கு ஒருமுறை இதே மலைக்குமேல் வருகிறது என்று அவள் சொன்னபோது தலைவர், காதில் கருவி வைத்த ஓய்வுபெற்ற அதிகாரி, கையில் எடுத்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார். வைக்க வேண்டியதுதானே. அங்கயற்கண்ணிக்கே இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த விஷயம் பழகவில்லை. லீவு கேட்காது, சம்பள உயர்வு கேட்காது, வரும், பார்க்கும், மேகம் மூடியிருந்தால் மேகத்தையே படம் பிடித்து அனுப்பிவிட்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்விடும், அடுத்த ஐந்தாம் நாள் மறுபடி வரும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கோவில் கட்டலாம். முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தது சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது, கணினி அறையில், இதே நூர்நிஷா பக்கத்து நாற்காலியில். திரையில் காடு செக்கச்செவேல் என்று வந்தது. பீட்ரூட்டை அரைத்து மலைமேல் ஊற்றின மாதிரி. மெஷின் ரிப்பேர் என்றுதான் அங்கயற்கண்ணி நினைத்தாள், எழுந்து ஆளைக் கூப்பிடப் போனாள், நூர்நிஷா கையைப் பிடித்து உட்காரவைத்து, இலை வெளியே தள்ளுகிற வெளிச்சத்தில் பெரும்பங்கு நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், அதைத்தான் இந்தப் படம் சிவப்பாக மாற்றிக் காட்டுகிறது என்றாள். அவள் அதை முதல் நாளே படித்துவிட்டு வந்திருந்தாள். எப்போதும் முதல் நாளே படித்துவிட்டு வருகிறவள். அன்றைக்கு மெஸ்ஸுக்குப் போகிற வழியெல்லாம் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது, வேப்பமரம், தூங்குமூஞ்சி மரம், எல்லாம் உள்ளுக்குள் அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் பச்சையாக நின்றன. அதற்குப் பிறகு ஒரு மரத்தையும் அவளால் வெறும் மரமாகப் பார்க்க முடிந்ததில்லை.

‘அடுத்தது’ என்றாள் நூர்நிஷா. அழுத்தினாள். எவ்வளவு சுத்தமான படம், காடு கரும்பச்சை, தேயிலை இளம்பச்சை, அணை நீலம், ஒரு பிசிறு இல்லை. பிசிறு இல்லாததுதான் வினை. வானத்திலிருந்து வரும் படம் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஒரு கட்டம் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், கணினி ஒவ்வொரு கட்டத்துக்கும் இது காடு, இது தேயிலை, இது தண்ணீர் என்று பெயர் வைத்துக்கொண்டே போகும், போகிற வேகத்தில் தேயிலைக்கு நடுவே ஒற்றைக் கட்டம் காடு, காட்டுக்கு நடுவே ஒற்றைக் கட்டம் தேயிலை என்று அங்கங்கே தூவிவிடும். பொங்கலில் மிளகு மாதிரி. அவர்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயரே மிளகுதான். ‘மிளகைப் பொறுக்கிட்டியா’ என்று கேட்டுத்தான் நூர்நிஷா எந்தப் படத்தையும் வாங்குவாள். பொறுக்க ஒரு சல்லடை இருக்கிறது, அதுவும் கணினியிலேயே இருக்கிற ஒரு கட்டளை, கூட்டம் சேராமல் தனியாக நிற்கிற கட்டங்களைத் தேடிப் பிடித்து அக்கம்பக்கத்தின் பெயரையே அவற்றுக்கும் வைத்துவிடும். ஊரோடு ஒத்துப்போகச் சொல்லும். சரி. ஆனால் எது தனி, எது கூட்டம்? மேலே, கீழே, இடம், வலம், இந்த நாலு பக்கத்தில் தன் இனம் இருந்தால் கூட்டம். மூலையில் தொட்டுக்கொண்டிருந்தால் அது சொந்தமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து அப்படி வைத்துவிட்டுப் போனான், மூலையையும் சேர்த்துக்கொள் என்று மாற்றிக்கொள்ள ஒரு வழியும் வைத்திருக்கிறான், பத்து வருஷமாக அங்கயற்கண்ணி அதை மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை, படம் அழகாக வந்தது. முதல் பக்கத்தில் வைக்கச் சிவப்புப் படம் ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று காலையில் சல்லடைக்கு முந்தைய படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். சாம்பாரில் தோய்த்த இட்லித் துண்டு கையிலேயே நின்றுவிட்டது. வடக்கே ஊசிக்காடு, தெற்கே பெருஞ்சோலை, நடுவே வெளிர்சிவப்பில் தேயிலைச் சரிவு, அந்தச் சரிவில் ஓர் ஓடை சாய்வாக இறங்குகிறது, ஓடையின் இரு கரையிலும் அடர்சிவப்பில் மரம், கட்டம் கட்டமாக, மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு, ஓர் இடத்திலும் அறாமல் இந்தக் காட்டிலிருந்து அந்தக் காடு வரைக்கும். சல்லடை ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி, நீ அநாதை, நீ தேயிலை என்று சொல்லி அனுப்பிவிட்டது. அதே ஓடை நேராகத் தெற்கே ஓடியிருந்தால் தப்பித்திருக்கும். சாய்ந்து ஓடினது அது செய்த குற்றமா, என்ன அக்கிரமம் இது, யாரிடம் போய்ச் சொல்ல, நீதானே செய்தாய்.

நிஜமாகவே மரம்தானா? இந்தக் கேள்வி காலையிலிருந்து இத்தோடு எத்தனையாவது முறையோ. தேயிலைக்கு நிழல் தர நட்ட மரமாக இருக்கலாமே, சில்வர் ஓக் என்று எஸ்டேட் முழுக்க வரிசையாக நிற்குமே, அதுவும் மேலிருந்து பார்த்தால் மரம்தானே, அப்படியிருந்தால் தப்பு இல்லை, படம் சரி, விரல் வேர்க்க வேண்டாம், பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருந்துவிட எத்தனை ஆசையாக இருந்தது. ஆனால் அவள் அங்கே போயிருக்கிறாள். போன வருஷம், படத்தைத் தரையில் சரிபார்க்க இருவரும் மலையேறினபோது, சாக்ஸுக்குமேல் அட்டைக்காகப் புகையிலைத் தண்ணீர் நனைத்த துணி கட்டிக்கொண்டு, ஜீப்பை எஸ்டேட் சாலையில் விட்டுவிட்டு இறங்கினார்கள். தேயிலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஓடைப் பள்ளத்தில் கால் வைத்ததும் யாரோ கதவைத் திறந்து உள்ளே விட்ட மாதிரி குளிர்ந்தது. ஈர மண் வாசம், அழுகின பழத்தின் வாசம், பாறைமேல் பாசி. மேலே வெடிப்பலா மரம் நின்றது, முள்முள்ளாய்க் காய் தரையெல்லாம் கடித்துப் போட்டுக் கிடந்தது, பாதி தின்றது, பாதி அப்படியே. கறுப்பு உடம்பும் நரைத்த பிடரியுமாகச் சோலைமந்தி ஒன்று அவர்கள் தலைக்குமேல் உட்கார்ந்து, என்ன வேலை உங்களுக்கு இங்கே என்று கேட்கிற மாதிரி பார்த்தது, பின்னாலேயே இன்னொன்று, வயிற்றில் குட்டியோடு ஒன்று, கிளைக்குக் கிளை, தரையைத் தொடாமல், ஒரு கூட்டமே வடக்கிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்தது. நூர்நிஷா எலுமிச்சம் சாதத்தைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய விஞ்ஞானி, குழந்தை மாதிரி. ‘என்னா கம்பீரம்டி’ என்று சொன்னாள். இருவரும் அங்கேதான் சாப்பிட்டார்கள், கையைக் கழுவிக்கொண்டு பெருஞ்சோலைக்குப் போய் அங்கே நின்று இடக்குறிப்பு எடுத்தார்கள், ஊசிக்காட்டில் எடுத்தார்கள், தேயிலையில் எடுத்தார்கள். சோறு தின்ற இடத்தில் எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தை யார் குறித்துக்கொள்வார்கள். அதனால் படத்தைச் சரிபார்த்தபோதும் அந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படவில்லை, சரிபார்ப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் வாங்கியது, அதற்கு இருவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

காரில் வரும்போது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொல்ல வாயெடுத்தபோது நூர்நிஷா கண்ணை மூடிக்கொண்டு பேசப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், மேடையேறுவதற்கு முன்னால் அவளுக்குக் கை சில்லிட்டுப்போகும், அது வெளியே யாருக்கும் தெரியாது, அங்கயற்கண்ணிக்குத் தெரியும். அந்தச் சில்லிட்ட கையில் போய் இதை வைக்க மனசு வரவில்லை. அது பொய். அது முழுப் பொய் இல்லை, பாதிப் பொய். சொன்னால் நூர்நிஷா என்ன சொல்வாள் என்று பயம், அதைவிடச் சொல்லாமல் தன்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குப் பயம். ஐந்து வருஷம் இந்த மலைக்காக அலைந்தவள். ரோடு கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஆலோசகர் வேலை தருகிறோம் என்றபோது டீ மட்டும் கொடுத்து அனுப்பியவள். ஒரு படம் தப்பு என்று தெரிந்தால் எல்லாப் படமும் தப்பு என்பார்கள், அவள் சொன்ன எதுவும் நிற்காது. ஆனால் இதே படத்தை வைத்துத்தான் எதிர்ப்பக்கம் மடக்கப்போகிறது, அதுவும் அங்கயற்கண்ணிக்குத் தெரிந்துவிட்டது, கம்பெனி கொடுத்த திட்டத்தைக் காலையில் மறுபடி புரட்டினாள், மலையை வெட்டும்போது வரும் மண்ணைக் கொட்ட அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் அந்த ஓடைப் பள்ளம்தான். தேயிலைச் சரிவு, காடு இல்லை, ஆதாரம் நூர்நிஷாவின் படம். அவள் படத்தையே அவளுக்கு எதிராக. லாரி லாரியாக மண், பாறை, வெடிப்பலாவின் கழுத்துவரைக்கும். வடக்கே இருக்கும் குரங்கு வடக்கேயே இருக்க வேண்டியதுதான், பேரன் பேத்தி எடுத்து அந்த ஊசிக்காட்டுக்குள்ளேயே அருகிப்போக வேண்டியதுதான். மைக் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவரும் பார்க்காதபோது, சல்லடைக்கு முந்தைய சிவப்புப் படத்தைக் கடைசியில், ‘நன்றி’ என்று எழுதின பக்கத்துக்கும் அப்பால், சேர்த்து வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கு? அதை அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

‘அடுத்தது.’ இது காரணங்களைப் பற்றிய பக்கம். நூர்நிஷா இதைத்தான் மிக நன்றாகப் பேசுவாள். காடு ஒரே நாளில் அழிவதில்லை என்றாள், முதலில் வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை வந்து பெரிய துண்டாக எடுத்தது, பிறகு அணை, அணைக்கு வழி, மின்கம்பி போகிற பாதை, ஒவ்வொன்றும் ஒரு கோடுதான் போட்டது, கோடு போட்டால் இரண்டு துண்டு, மறுபடி போட்டால் நாலு, துண்டு சிறிதாகச் சிறிதாக ஓரம் அதிகமாகிறது, ஓரத்தில் வெயில் நுழைகிறது, காற்று நுழைகிறது, ஓரத்து மரம் முதலில் சாகும், பிறகு அதற்கு உள்ளே நிற்பது ஓரமாகிவிடும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அசையவில்லை. அங்கயற்கண்ணிக்குக் கண் கலங்கியது. இவளோடு சேர்ந்து வேலை பார்க்கக் கிடைத்ததே என்று எத்தனையோ முறை நினைத்ததை இப்போதும் நினைத்தாள், அது உண்மை, அந்த உண்மையோடு விரலுக்கடியில் இந்த உண்மையும் இருந்தது, இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் எத்தனை நேரம் இருக்கும். இருந்துவிடக்கூடாதா. கேள்வி வராமல் போகலாம். நேரமாகிவிட்டது என்று தலைவர் எழுந்துவிடலாம். ‘அடுத்தது’ என்றாள் நூர்நிஷா, மறுபடி அந்தச் சுத்தமான படம் வந்தது, இரண்டு கரும்பச்சைத் தீவுகள், நடுவே மழுமழுவென்று தேயிலை. இருப்பதையாவது விட்டுவையுங்கள் என்று சொல்லி முடித்தாள். யாரோ கைதட்டப் போய், இது கைதட்டுகிற இடம் இல்லை என்று நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பெனியின் இன்ஜினியர் சபேசன் எழுந்தார். நல்ல மனிதர்போல்தான் இருந்தார், காலையில் இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர். “மேடம், நீங்க சொன்னதெல்லாம் நாங்களும் ஒத்துக்கறோமுங்க. ஒரே ஒரு சந்தேகம். ஊசிக்காட்டுக்கும் பெருஞ்சோலைக்கும் நடுவுல உங்க படத்துல தேயிலைதானுங்களே இருக்குது? எங்க மண்ணு அங்கதானுங்க விழுவுது. காட்டுல விழலையே.” நூர்நிஷா திரையைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், எதிராளி கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வாள், படத்தில் உள்ளது தேயிலை. அவள் வாய் ‘ஆமா’ என்பதற்குத் திறந்ததை அங்கயற்கண்ணி பார்த்தாள். அப்புறம் அவள் யோசித்ததாக ஒன்றும் ஞாபகம் இல்லை, விரல் அம்புக்குறியை விட்டு மேலேறி ஒரே தாவலில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. கூடம் சிவந்தது. குழுவினரின் முகத்தில், தண்ணீர் டம்ளர்களில், நூர்நிஷாவின் வெள்ளை முக்காட்டில் சிவப்பு விழுந்தது. என்னம்மா ஆச்சு என்று தலைவர் கேட்டார். நூர்நிஷா மேடையிலிருந்து இறங்கித் திரைக்குப் பக்கத்தில் போனாள், தன் நிழல் மறைத்ததும் ஒதுங்கி நின்றாள், வடக்குக் காட்டின் கீழ்முனையில் விரலை வைத்து, அந்தச் சாய்ந்த கோட்டின்மேலேயே, ஒவ்வொரு கட்டமாகத் தடவிக்கொண்டு வந்தாள். விரல் தெற்குக் காட்டில் போய் நின்றது. எங்கும் எடுக்கவில்லை.

“அங்கை, இது நம்ம படமா?”

“நம்மதுதான். சல்லடைக்கு முந்தினது.”

“மூலையா?”

“மூலைதான்.”

அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது, எத்தனை சுருக்கில் புரிந்துவிட்டது, இந்த மூளைக்கு என்ன கொடுத்தாலும் தகும். அங்கயற்கண்ணி அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. நூர்நிஷா குழுவின் பக்கம் திரும்பி, சற்று முன் தான் காட்டின படம் தப்பு, இதுதான் சரி என்றாள், இரண்டு காடும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது, அதைப் பிரித்தது தேயிலை இல்லை, நாங்கள் படத்தைச் சுத்தம் செய்கிற முறை என்றாள். நாங்கள் என்றுதான் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது அவமானம் இல்லை, சந்தோஷம், அடக்கப் பார்த்தும் அடங்காத சந்தோஷம். இத்தனை கோடரிக்கும் இத்தனை சாலைக்கும் தப்பி அது அங்கே நிற்கிறது. சபேசன் உட்காரவில்லை. பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. அப்படியானால் மற்ற படங்களை எப்படி நம்புவது என்று கேட்டார், அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

“நம்பாதீங்க,” என்றாள் நூர்நிஷா. “நாங்களே ஒவ்வொண்ணாத் திரும்பப் பாக்கப்போறோம். ஆனா இந்த மரங்களை நீங்க நம்பலாம். போய்த் தொட்டுப் பாக்கலாம்.”

தலைவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, குழு அந்த ஓடையை நேரில் பார்க்கும்வரை அங்கே ஒரு கூடை மண்கூட விழக்கூடாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு டீ வந்தது, எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் இழுபட்டன. நூர்நிஷா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பாதி குடித்துவிட்டு மீதியை நீட்டினாள். கை இன்னும் சில்லிட்டிருந்தது. காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று அங்கயற்கண்ணி பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள், பாதிப் பொய்யைச் சொல்வதா முழு உண்மையைச் சொல்வதா என்று. நூர்நிஷா அதைக் கேட்கவில்லை. வெகுநேரம் திரையில் அந்தச் சாய்ந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது.

“எத்தன மலைக்கு இப்படிப் படம் குடுத்திருக்கோம்டி?” என்றாள் மெதுவாக. “நாம தேயிலைன்னு சொன்னதை நம்பி எத்தன ஓடையில மண்ணு விழுந்திருக்கும்?”

அங்கயற்கண்ணிக்கு அது வரைக்கும் அந்த நினைப்பே வரவில்லை. நிற்கிற ஒரு காட்டைப் பற்றித்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, பழைய மலைகளின் படங்கள் இருக்கும் இடத்துக்குப் போய், முதலாவதைத் திறந்தாள், சல்லடைக்கு முந்தையதை. பக்கத்திலேயே அதே மலையின் போன மாதத்துப் படத்தையும் வைத்தாள். பழையதில் ஓர் ஓடை சாய்வாகச் சிவந்து இறங்கியது, மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு. போன மாதத்துப் படத்தில் அந்த இடம் வெறும் மண்ணாக வெளுத்துக் கிடந்தது. நூர்நிஷா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அடுத்த மலை எது என்று கேட்டாள்.